சக்களத்தியைக் களிமண்ணில் செய்தேன்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி நான், இன்னொருத்தி தேயிலைத் தோட்டத்து லோரி. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. லயத்து வரிசை வீட்டு வாசலில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள், "என்னக்கா, சக்களத்தி சௌக்கியமா?" என்றுதான் என்னைக் கேட்பார்கள். "அவளுக்கென்னலா கொறச்சல்? போன வாரம்தான் புது டயர் மாட்டிக்கிட்டா. நான் ஒரு சிலிப்பர் கேட்டு எத்தனை நாளாச்சு" என்று நானும் சொல்வேன்.

சும்மா சொல்லவில்லை. மலைச் சரிவுகளில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றிவந்து தொழிற்சாலையில் இறக்குவது அவர் வேலை. மழை பெய்த மறுநாள் வழுக்குகிற மண் பாதையில் அந்த லோரி முனகிக்கொண்டு ஏறும்போது, "வா தாயி, இன்னும் கொஞ்சந்தான், வா ராசாத்தி" என்று கொஞ்சுவார். என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். வீட்டில் எனக்குக் கிடைத்த பெயர் 'இந்தா'. இந்தா டீ போடு, இந்தா குடை எங்க. ராசாத்தி எல்லாம் மலைக்கு மேலேதான்.

சரி, எனக்கும் ஒரு சேர்க்கை உண்டு. களிமண். பிள்ளைகள் இரண்டு பேரும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, வெட்டியாக உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கிறோமே என்று எனக்கே சலித்துப்போய், ஈப்போவில் ஒரு சீனத்து அம்மாள் நடத்தும் மண்பாண்ட வகுப்புக்கு பஸ் ஏறிப் போனேன். அவள் கிண்ணம் செய்யக் கற்றுக்கொடுத்தாள். என் கிண்ணம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. கோணிக்கொண்டு நின்ற ஒன்றுக்குக் கோபத்தில் மூக்கும் கண்ணும் வைத்தேன். அச்சு அசலாக எங்கள் தோட்டத்துக் கங்காணி மண்டோர், வெயிலில் நின்று ஆள் விரட்டுகிற அதே முகம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. அன்றோடு கிண்ணத்தை விட்டேன்.

வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் ஒரு பழைய மின்சாரச் சூளை வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து என்னென்னமோ பிறந்தன. கொழுந்துக் கூடை சுமக்கும் கோழி, கூடைக்குள் முட்டைக்குப் பதில் கைப்பேசி. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் முட்டைக்கோஸ். லயத்து வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு போகும் நத்தை, வீட்டுக் கூரையில் டிவித் தட்டு. பிரிஞ்சாங் டவுனில் ஒரு காப்பிக் கடைக்காரர் இவற்றை அலமாரியில் வைத்து விற்றுக் கொடுக்கிறார். ஒரு தடவை நான் அங்கே இருக்கும்போது சுற்றுலா வந்த பெண் ஒருத்தி நத்தையைக் கையில் எடுத்து, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். "வேலை முடிஞ்சா தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துரணும்மா. நத்தைக்கு அந்தத் தொல்லை இல்லை" என்றேன். பாவம், கண் கலங்கி வாங்கிக்கொண்டு போனாள். உண்மையைச் சொன்னால், அதைச் செய்யும்போது கூரையில் அந்தத் தட்டு நிற்குமா விழுமா என்பதைத் தவிர எனக்கு வேறு ஒரு யோசனையும் இல்லை.

தோட்டத்தில் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். "இது யாரு?" என்றுதான் கேட்பார்கள். எதைச் செய்தாலும் அது யாரோ ஒருவராக இருக்க வேண்டும், அதுவும் கேட்கிறவராக இருந்துவிடக் கூடாது. கழுத்தில் தராசு மாட்டிய கொக்கு ஒன்று செய்தேன். கொழுந்து நிறுக்கிற கிராணி வாசலில் நின்று அதை நெடுநேரம் பார்த்தார்.

"என் கழுத்து இவ்ளோ நீளமா?" என்றார்.

"கிராணி ஐயா, இது கொக்கு."

"கொக்குக்கு எதுக்குக் கண்ணாடி?"

உள்ளே போய்விட்டேன். மறுநாள் அவருடைய வாட்ஸ்அப் படத்தில் அந்தக் கொக்கு இருந்தது.

இப்படி ஊரே வந்து பார்த்துச் சண்டை போட்டு, சிரித்து, படம் எடுத்துப் போகும். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள்கூட ஒன்றும் கேட்டதில்லை. கொட்டகை வாசலில் நின்று சூளையைப் பார்ப்பார். "இது எவ்ளோ நேரம் கரண்டு இழுக்கும்?" என்பார். அவ்வளவுதான் விமர்சனம். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு, அவரையே ஒரு மின்சார மீட்டராகச் செய்து வைக்கலாமா என்று பலமுறை யோசித்ததுண்டு.

போன வருஷம் அவருக்கு ஓய்வு வந்தது. கடைசி மாதம், புது டிரைவருக்கு வண்டியைப் பழக்கிக் கொடுக்கும் மாதம். புது ஆளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணமானவன், மரியாதையானவன். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவே எனக்கு எரிச்சல். ஸ்டீரிங் அவன் கைக்குப் போனது. இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எந்த வளைவில் மண் சரியும், எந்த இடத்தில் கியரை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டு முன்னால் உட்காரும்போது, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையில் வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார்.

"கஷ்டமா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நாள் முடிஞ்சா எறங்க வேண்டியதுதானே" என்றார். "ரசம் ஊத்து."

அந்த மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால், இல்லை, யாரையாவது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இத்தனை வருஷம் கொஞ்சிய ராசாத்தியை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் ரசம் சாப்பிடுகிறாரே! மாதக் கடைசியில் தோட்டத்து மண்டபத்தில் அவருக்கு விருந்து வைத்து அனுப்பி வைப்பதாக இருந்தது. அந்த மேடையில் எல்லார் முன்னாலும் அவர் கையில் ஒன்றைக் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்து அவர் சிரிக்க வேண்டும் இல்லையா அழ வேண்டும், இரண்டில் ஒன்று நடந்தே ஆக வேண்டும் என்று முடிவு கட்டினேன். சக்களத்தியைக் களிமண்ணில் செய்ய உட்கார்ந்தேன்.

அவர் வேலைக்குப் போன பிறகு செய்வேன், வருவதற்குள் ஈரத் துணி போட்டு மூடிவிடுவேன். ஆறு சக்கரத்துக்குப் பதிலாக ஆறு கால், ஆறு காலுக்கும் ரப்பர் பூட்ஸ். முன் விளக்குகள் இரண்டும் தூக்கம் கலையாத கண்கள். பம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய மீசை, வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாக. முதுகில் கொழுந்து மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவில் காலை நீட்டிக்கொண்டு ஒய்யாரமாக உட்கார்ந்து டீ குடிக்கிற ஒரு பெண். அது நான்தான். சக்களத்தி முதுகில் ஒரு தரமாவது நான் ஏறிப் பார்க்க வேண்டாமா? செய்து முடித்தபோது, நான் செய்ததிலேயே இதுதான் உருப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தனியாகக் கொட்டகையில் நின்று கை தட்டினேன்.

ஆனால் செய்வது பாதி வேலைதான். மண் முழுக்கக் காய்ந்தால்தான் சூளையில் வைக்கலாம். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உள்ளே வெடித்துவிடும். என் முதல் கோழி அப்படித்தான் போனது, ஒரு கால் மட்டும் முழுசாகக் கிடைத்தது. எங்கள் மலையிலோ துவைத்த பாவாடையே லேசில் காயாது. மழை, பனி, திரும்பவும் மழை. இத்தனை தடிமனான லோரி விருந்துக்குள் காய வேண்டுமென்றால் எனக்குச் சூடான ஓர் இடம் வேண்டும். தோட்டத்தில் அப்படி ஓர் இடம் ஒன்றே ஒன்றுதான். கொழுந்தைக் காய வைக்கும் மிஷினுக்குச் சூட்டுக் காற்று அனுப்புகிற பெரிய அடுப்பு, தொழிற்சாலைக்குப் பின்னால் தனி அறையில் இருக்கிறது. அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் எனக்குத் தூரத்துச் சொந்தம்.

பழைய துண்டில் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு போனேன். அண்ணன் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"இது யாரு தங்கச்சி?"

"நீங்களே சொல்லுங்கண்ணே."

மீசையைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் போய்தான் நின்றார். "ஐயோ, அவன் பாத்தான்னா செத்தான்லா!" என்றார். விறகு அடுக்குக்கு மேலே ஒரு பலகையில் வைத்தோம். யாரிடமும் சொல்லக் கூடாது, யாரும் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன். தினமும் போய் அதை என் கன்னத்தோடு ஒட்டிப் பார்ப்பேன். மண் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். ஆயுத பூசைக்கு முதல் நாள் ஒட்டிப் பார்த்தபோது சில்லிப்பே இல்லை. பூசை முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் சூளையில் வைத்தால், விருந்துக்குச் சரியாக இருக்கும். அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம்.

ஆயுத பூசை என்றால் எங்கள் தொழிற்சாலையில் மிஷின் எல்லாம் நின்றுவிடும். அடுப்பும் அணைந்துவிடும். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்து வெட்டுகிற மிஷின், தராசு, கணினி, கிராணியின் மோட்டார் சைக்கிள், எதையும் விட மாட்டார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சுண்டல் தூக்குடன் போய் இறங்கினேன். வாசலில் லோரி நின்றது. இரண்டு பக்கமும் வாழைக் கன்று, நெற்றியில் சாமந்தி மாலை, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம். கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொள்ளலாம், அப்படி மின்னியது. புது டிரைவர் பக்கத்தில் வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். என் வீட்டுக்காரரைக் காணவில்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். பூசைக்கு முன்னால் ஒரு தரம் என் சக்களத்தியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அடுப்பு அறைப் பக்கம் போனேன்.

பலகை காலியாக இருந்தது.

பின்வாசலுக்கு வெளியே தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தேன். குழாயடியில் என் வீட்டுக்காரர் குந்தியிருந்தார். கால்சட்டை முழங்கால் வரை மடித்து விட்டிருந்தது. பக்கத்தில் வாளி நிறைய சோப்பு நுரை. ஒரு கையில் லோரி கழுவுகிற ஸ்பாஞ்சு, இன்னொரு கையில் ரப்பர் குழாய். நடுவில் என் களிமண் லோரி. முன்பக்கக் கால்கள் மூன்று ஏற்கெனவே வாய்க்காலோடு போய்விட்டிருந்தன. மீசை வழிந்து பக்கவாட்டில் போயிருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்த நான், இன்னொரு மூட்டையாகியிருந்தேன்.

என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"எவ்ளோ கழுவுனாலும் சேறு வந்துகிட்டே இருக்குலா" என்றார். "எந்தப் பாதையிலதான் ஓட்டுனே இத?"

நான் போட்ட கூச்சலில் தொழிற்சாலையில் மேளம் நின்றது. "ஐயோ பாவி மனுசா! சுடாத மண்ணுங்க அது! மண்ணைத் தண்ணி ஊத்திக் கழுவுற ஆள் இந்த ஒலகத்துல உண்டா? ஒங்க தலையில என்ன, மூளைக்குப் பதிலா டீசலா இருக்கு?" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொன்னதை அச்சில் போட முடியாது. அண்ணன் கையில் உடைக்காத தேங்காயோடு ஓடி வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். இவர் குழாயை மூடினார்.

"பூசைக்கு வண்டிய கழுவாம வைப்பாங்களா?" என்றார் மெதுவாக.

"வண்டி கழுவணும்னா ஒங்க வண்டி வெளியில மலையாட்டம் நிக்குதே! அதைப் போய்க் கழுவுறது!"

அவர் ஸ்பாஞ்சைப் பிழிந்தார். திரும்பவும் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை.

"அத அவன் கழுவிட்டான்" என்றார். "விடியறதுக்கு முன்னாலயே வந்துட்டேன், நம்ம கையால கடைசியா ஒருவாட்டி கழுவிடலாம்னு. வாளி, ஸ்பாஞ்சு எல்லாம் கொண்டாந்தேன். அவன் எனக்கும் முன்னால வந்து கழுவிப் பொட்டும் வச்சிட்டான். 'அண்ணே, நீங்க ஒக்காருங்கண்ணே, இனிமே ஏன் சிரமப்படுறீங்க'ன்னான். நல்ல பையன்தான், ஒண்ணும் சொல்ல முடியாது. இங்க வந்து ஒக்காந்தேன். மேல பாத்தா இது நிக்குது. மீசைய பாத்தேன். சரி, நம்ம வண்டிதான்னு..." வழிந்திருந்த மண் மீசையை விரலால் தொட்டு, "கழுவ வேற ஒண்ணுமில்ல எனக்கு" என்றார்.

பட்டுப்புடவையோடு அந்தச் சேற்றில் அவர் பக்கத்தில் குந்தினேன். என் இத்தனை நாள் உழைப்பு வாய்க்காலில் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அழுகிறேனா, இவரைப் பார்த்து அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவரும் அழுதார். சத்தமில்லாமல், ஸ்பாஞ்சைப் பிடித்தபடி. மேடையில் நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது குழாயடியில் நடந்தது.

அண்ணன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கழுவியாச்சில்ல? அப்ப பொட்டு வைக்க வேணாமா?" என்றார். உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். இவர் விரலில் தொட்டு வைத்தார். ஈர மண்ணில் பொட்டு ஒட்டாமல் உள்ளே அமுங்கிக் குழியானது. கால் மூன்றுதான் மிச்சம் என்பதால் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி நகர்ந்து பழம் நசுங்க வேண்டுமே, இது எங்கே நகர்வது? இவரே கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தி நசுக்கினார். அண்ணன் தேங்காயை உடைத்தார்.

"இதை இனிமே என்ன செய்வே?" என்று இவர் கேட்டார். நான் செய்த பொம்மைகளைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி.

"திரும்பக் காய வச்சு சுடணும்."

"சுட்டப்புறம் தண்ணி பட்டா கரையுமா?"

"சுட்டுட்டா கல்லு மாதிரிங்க. எவ்ளோ வேணும்னாலும் கழுவலாம்."

"தெனமுமா?"

"தெனமும்."

"அப்ப சுடு" என்றார். கரண்டு பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விருந்துக்கு அது காயவில்லை. மேடையில் தோட்டத்துத் துரை சால்வை போர்த்தி, இனி எந்த நேரத்துக்கும் எங்கும் போக வேண்டாத மனிதருக்கு ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார். நான் கையை வீசிக்கொண்டு போய், கையை வீசிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் லோரி சூளை ஏறியது. நான் எதையும் சரிசெய்யவில்லை. முன்பக்கம் தரையில் உட்கார்ந்து, பின்னங்கால் மூன்றும் நிமிர்ந்து, மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, நெற்றியில் விரல் பதிந்த குழியோடு அப்படியே வெந்து வெளியே வந்தது. காப்பிக் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்டார். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்போது தானா ராத்தா டவுனில் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். மூன்றாம் மாடி. குடித்த டீ கிளாஸைக் கழுவ ஒரு நாளும் எழுந்ததில்லை அவர். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் லோரி குளிக்கும். என் நல்ல சோப்பு, என் மெத்தென்ற துண்டு. பூட்ஸுக்குள் அழுக்கு நிற்கிறது என்று பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். "என் முதுகை ஒரு நாள் இப்படித் தேச்சதுண்டா?" என்று கேட்பேன். "நீ என்ன கொழுந்தா சுமந்தே?" என்பார். முன்பெல்லாம் இப்படித் திருப்பிப் பேச மாட்டார். எனக்கு அது பிடித்திருக்கிறது, அவரிடம் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூசை அன்று விடிவதற்கு முன்னால் விழிப்பு வந்தது. பக்கத்தில் அவரைக் காணவில்லை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, அடியில் வெளிச்சம், உள்ளே தண்ணீர்ச் சத்தம். கதவைத் தட்டினேன்.

"இந்தா, இரு லா, முடிஞ்சிரும்" என்றார் அவசரமாக.

"யாரும் வந்து கழுவிர மாட்டாங்க. மெதுவாவே கழுவுங்க" என்றேன்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது, மெதுவாக.